தொண்ணூற்றேழு சதவீதம்

“பேட்டரிங்கறது செருப்பு மாதிரிம்மா. போடப் போடத் தேயும். தேஞ்ச செருப்புக்கு யாராவது கடிதம் எழுதிக் குடுப்பாங்களா?”

“மூணே வாரத்துல தேயற செருப்ப வித்தவன் மூஞ்சியிலதான் எறிவாங்க சித்தப்பா.”

“பாத்தியாண்ணே, உன் பொண்ணு பேசறத!”

“அவரை எதுக்குக் கூப்பிடறீங்க? என்னைப் பாத்துப் பேசுங்க. அஞ்சு மணி நேரம் நிக்கும்னு சொன்னீங்களா, இல்லையா?”

“சொன்னேன். ரிப்போர்ட்ல இருந்ததைச் சொன்னேன். தொண்ணூத்தேழு சதவீதம்னு ஸ்கிரீன்லயே காட்டினேன்ல? என் அண்ணன் பொண்ணாச்சேன்னு, அலமாரியில இருக்கறதுலயே நல்ல ரிப்போர்ட் வந்ததாப் பொறுக்கி எடுத்துக் குடுத்தேன். அதுக்கு இது வேணும் எனக்கு.”

“இருபத்திரண்டு நிமிஷம். கடிகாரம் வச்சுப் பாத்தேன். அதுக்கு மேல ஒரு நிமிஷம் நிக்கல.”

சித்தப்பா மேசை மேலிருந்த மடிக்கணினிகளை வரிசைப்படுத்தத் தொடங்கினார். வரிசையாகத்தான் இருந்தன. அந்தக் கடையில் எல்லாமே வரிசையாகத்தான் இருக்கும். அலுவலகங்கள் கழித்துப் போட்ட பழைய லேப்டாப்புகள், துடைத்து மெருகேற்றி, பாதி திறந்த வாயோடு அலமாரி முழுக்க உட்கார்ந்திருக்கும். மேலே பலகையில் ‘புதிது போலவே’ என்று பெரிதாக எழுதியிருந்தது. அந்த ‘போலவே’யைப் பார்க்கப் பார்க்கப் பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் அவளைப் பெரியவள் என்றும், ஏழு வயது இளைய தங்கையைச் சின்னவள் என்றும்தான் அழைப்பார்கள். பெரியவளுக்கு ஒரு பல் ஆய்வகத்தில் வேலை. மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்து மெழுகில் பல் செதுக்குவாள். சின்னவளுக்குப் பதினான்கு வயதில் வந்த காய்ச்சல் காது இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பேச்சு மட்டும் மிஞ்சியது. கருவி மாட்டிப் பார்த்தும் பயனில்லை. ஆனால் படிப்பில் கெட்டி. இந்த வருடம் மருந்தாளுநர் படிப்பில் இடம் கிடைத்தது. வாத்தியார் பேசப் பேச அதை எழுத்தாக்கித் திரையில் காட்டும் ஒரு மென்பொருள் இருக்கிறது. அதற்காகத்தான் அந்த மடிக்கணினி. வகுப்பில் செல்பேசிக்குத் தடை. மின்சாரத் துளைகளோ பின்சுவரில், அலமாரிக்குப் பின்னால். பின்னால் உட்கார்ந்தால் வாத்தியார் குரல் மைக்கில் விழாது. நடுவே வயர் இழுத்தால் யாராவது தடுக்கி விழுவார்கள் என்று அனுமதியில்லை. ஆகவே எல்லாம் பேட்டரியை நம்பித்தான்.

பேட்டரி கைவிட்டது. இரண்டு வாய்மொழித் தேர்விலும் கேள்வி பாதி வந்துகொண்டிருக்கும்போதே திரை இருண்டது. சின்னவள் வெறும் உதடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டிலும் பூஜ்யம்.

“இன்னிக்குக் கிளாஸ் எப்படி?” என்று கேட்டால், “மீன் தொட்டி முன்னால உக்காந்த மாதிரி இருந்துச்சுக்கா. வாயத் தொறந்து தொறந்து மூடினாங்க. நான் நல்லா வேடிக்கை பாத்தேன்” என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புதான் பெரியவளுக்கு ஆகவே ஆகாது. அழுதாலாவது கூட உட்கார்ந்து அழலாம்.

கடைசியில் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. ‘மாணவியால் வகுப்பைப் பின்தொடர இயலவில்லை எனத் தெரிகிறது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பாதுகாவலருடன் முதல்வரைச் சந்திக்கவும். தக்க காரணம் இருப்பின் நிரூபிக்கவும். இல்லையேல் இடம் காத்திருப்போர் பட்டியலில் உள்ளவருக்கு வழங்கப்படும்.’ இன்று வியாழன்.

“நான் வேறொண்ணும் கேக்கல சித்தப்பா. காசத் திருப்பிக் கேக்கல. ‘நாங்க வித்த மெஷின்ல பேட்டரி சரியில்ல’ன்னு கடை சீலோட ஒரே ஒரு வரி. அத வச்சு, குறை மெஷின்லதான், அவகிட்ட இல்லன்னு சொல்லிப்பேன்.”

“ஒரு வரிதான். நாளைக்கு அந்த ஒரு வரியப் போட்டோ எடுத்து எவனாவது போட்டான்னு வை, இந்த வாசல்ல தெருமுனை வரைக்கும் ஆள் நிக்கும். என் பொழப்புல மண்ணப் போடாதம்மா.”

“அவ பொழப்புல நீங்க போட்டாச்சே!”

பின்னறைக் கதவருகே அப்பா வந்து நின்றார். கையில் மஞ்சள் துடைப்புத் துணி. வேலை பார்த்த ஆலை மூடியபிறகு, இரண்டு வருடமாகத் தம்பி கடையில்தான் உட்கார்கிறார். என்ன வேலை என்று கேட்டால், “ஸ்கிரீன் தொடைக்கறேன், கீபோர்டு தட்டி தூசி எடுக்கறேன்” என்பார்.

“விடும்மா” என்றார் அப்பா. “சித்தப்பாகிட்ட இப்படியா பேசறது? போ, வேலைக்கு நேரமாச்சு.”

“நீங்க யாருக்குப்பா அப்பா? எங்களுக்கா, உங்க தம்பிக்கா?”

அப்பா துணியை மடித்தார். மடித்ததைப் பிரித்தார். மறுபடி மடித்தார். பெரியவள் மடிக்கணினியைப் பைக்குள் திணித்துக்கொண்டு படியிறங்கினாள்.

*

ஆய்வகத்தில் அன்று அவள் செதுக்கிய முதல் பல் எதிராளியைக் கடித்துக் குதறப் போகிற மாதிரி இருந்தது. பக்கத்து மேசைக்காரர் அதைக் கையில் வாங்கி விளக்கொளியில் திருப்பிப் பார்த்தார். மெழுகு வேலையில் இருபது வருடப் பழக்கம் உள்ளவர். எல்லோருக்கும் அவர் மெழுகண்ணன்.

“இது யாருக்கும்மா? புலிக்கா?”

“எங்க சித்தப்பாவுக்கு.”

“அப்ப இன்னும் கொஞ்சம் மொக்கையா வை. கடிக்கறதுக்கு ஒண்ணும் இல்லாமப் போகட்டும்.”

சிரிப்பு வரவில்லை. மதிய இடைவேளையில் அவள் லேப்டாப்பை எடுத்து மேசைமேல் கவிழ்த்தாள். சித்தப்பா எழுதித் தரமாட்டார் என்றால் மெஷினே சாட்சி சொல்லட்டும். திறந்து பார்த்து, படம் எடுத்து, அதே கையோடு புது பேட்டரியும் போட்டுவிடலாம். எந்த ரகம் என்று தெரிய உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டைத்தான் பார்க்கவேண்டும்.

“முன்ன பின்ன இதத் தொறந்திருக்கியா?” என்றார் மெழுகண்ணன்.

“கடவாய்ப்பல்லுல தலைமுடி அகலத்துக்குக் கோடு கீறுறேன். பத்து ஸ்க்ரூவக் கழட்டத் தெரியாதா?”

ஒரு திருகாணியின் தலையில் கடையின் முத்திரைச் சீட்டு ஒட்டியிருந்தது. ‘பிரித்தால் உத்தரவாதம் இல்லை.’ பிரிக்காதபோது மட்டும் எந்த உத்தரவாதம் வாழ்ந்தது? செதுக்குக் கத்தியால் அதைக் கீறி எறிந்தாள். மனசுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது. திருகாணிகளில் சில நெட்டை, சில குட்டை. இடம் மாறினால் நெட்டையானது உள்ளே எதையாவது குத்திவிடும். அவள் ஓர் இளஞ்சிவப்பு மெழுகுத் தகட்டை வைத்து, எந்த மூலையில் கழற்றினாளோ அதே மூலையில் ஒவ்வொன்றையும் அழுத்திப் பதித்தாள். தகடு அந்த லேப்டாப்பின் வரைபடம்போல் ஆனது. பிறகு மூடியின் விளிம்பில் மொக்கையான பிளாஸ்டிக் கரண்டியை நுழைத்து மெல்ல நெம்பினாள். டக், டக், டக் என்று கொக்கிகள் விட்டன.

“அய்யய்யோ” என்றார் மெழுகண்ணன்.

பேட்டரி தட்டையாகத்தான் இருக்கவேண்டும். இது தலையணைபோல் உப்பியிருந்தது. டச்பேட் ஒரு பக்கம் அழுந்தாமல் அடம்பிடித்ததன் காரணம் இப்போது தெரிந்தது. அடியிலிருந்து இது முட்டிக்கொண்டிருந்திருக்கிறது. இதைத்தான் சின்னவள் மூன்று வாரமாக மடியில் வைத்திருந்தாள்.

“குத்திடாத. இரும்பு எதுவும் வேணாம். பத்திக்கும்” என்றார் அவர். பேச்சில் விளையாட்டு போயிருந்தது.

முதலில் இணைப்பு வயரின் சிறிய முனையை நகத்தால் பின்னுக்குத் தள்ளிப் பிடுங்கினாள். பேட்டரியைப் பிடித்திருந்த நான்கு திருகாணிகளையும் எடுத்தாள். ஆனால் அது அசையவில்லை. அடியில் யாரோ பசைப்பட்டை வைத்து ஒட்டியிருந்தார்கள். நெம்பினால் ஆபத்து. ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு இழுப்பறையைத் திறந்து, பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலை இரண்டு முழம் உருவினாள். இரண்டு விரலிலும் சுற்றி, பேட்டரிக்கு அடியில் நுழைத்து, ரம்பம்போல் முன்னும் பின்னும் இழுத்தாள். பசை அறுந்து அறுந்து வந்தது. மெழுகண்ணன் அச்சுமாவு டப்பாவைக் காலிசெய்து, அடியில் மணல் பரப்பி நீட்டினார். பேட்டரியைக் குழந்தைபோல் இரு கையாலும் தூக்கி அதில் கிடத்தினாள்.

மேலே புத்தம்புதுச் சீட்டு. ஒரு முனை தூக்கிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தாள். அடியில் பழைய சீட்டு, எட்டு வருடத்துக்கு முந்தைய தேதியோடு. அதன் ஓரத்தில் வெள்ளி மைப் பேனாவால் யாரோ எழுதியிருந்தார்கள்: 31, ஓர் அம்புக்குறி, 97.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழின் இடுப்பில் ஒரு சின்னக் கோடு. ஒன்பதின் வால் தூண்டில் முள்போல் உள்பக்கம் வளைந்து. இந்த ஒன்பதும் ஏழும் அவளுக்குத் தெரியும். வீட்டுச் சுவர் நாட்காட்டியில் எரிவாயு உருளை மாற்றிய தேதிகளாக, மின்மீட்டர் பலகையில் மாதாமாதம் ஏறும் எண்களாக, அவளுடைய எல்லா மதிப்பெண் அட்டைகளின் பின்புறமும் போட்ட கூட்டல்களாக.

“என்னம்மா, தெரிஞ்ச கையெழுத்தா?”

“இல்லண்ணே” என்றாள். படம் மட்டும் எடுத்துக்கொண்டாள்.

*

உதிரிபாகக் கடை இரண்டு தெரு தள்ளி. ஆள் படுத்தால் கால் வெளியே நீட்டும், அவ்வளவு சின்னக் கடை. உரிமையாளர் கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கும் ஒரு தடித்த அம்மாள். டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தவுடன் உச்சுக்கொட்டினாள்.

“நல்லவேளை மணல்ல கொண்டுவந்த. எங்கிட்ட விட்டுட்டுப் போ, இதெல்லாம் அழிக்க எடுத்துட்டுப் போற வண்டி வரும். எங்க வாங்கின மெஷினு?”

“சொந்தத்துல.”

“சொந்தமா! அப்ப சரி. வெளியாளா இருந்தா கொஞ்சம் பயந்திருப்பான்.”

“இந்த முப்பத்தொண்ணு, தொண்ணூத்தேழு... என்னம்மா அது?”

அந்த அம்மாள் பூதக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாள். “உள்ள ஒரு சிப்பு இருக்கும். பேட்டரி எவ்வளவு தேஞ்சிருக்குன்னு அதுதான் மெஷினுக்குச் சொல்லும். இது முப்பத்தொண்ணுக்கு வந்துடுச்சு. குப்பைக்குப் போக வேண்டியது. சின்னக் கருவி ஒண்ணு இருக்கு, அத மாட்டி சிப்புல இருக்கற நம்பர மட்டும் அழிச்சு எழுதிடுவாங்க. அப்புறம் எந்த ரிப்போர்ட் எடுத்தாலும் தொண்ணூத்தேழுதான். செல்லு என்னவோ அதே கிழடுதான். கெழட்டுக் குதிரைக்குப் பல்ல ராவி வயசக் கொறைக்கற மாதிரி.” பிறகு எழுத்தை உற்றுப் பார்த்துச் சேர்த்தாள்: “செஞ்சவன் ஒழுங்கானவன். பழைய நம்பரையும் எழுதி வச்சிருக்கான் பாரு. எல்லாரும் எழுத மாட்டாங்க.”

ஒழுங்கானவன்! ஆலையில் முப்பது வருடம் தரச்சோதனைப் பிரிவில் இருந்த ஆள் ஒழுங்கு இல்லாமல் எப்படி இருப்பார்? பொய்யைக்கூடப் பதிவேட்டில் ஏற்றிவிட்டுத்தான் சொல்வார்.

புது பேட்டரியை வாங்கிக்கொண்டு திரும்பினாள். தகட்டிலிருந்து திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அதனதன் இடத்தில் முடுக்கினாள். ஒவ்வொரு முடுக்கலுக்கும் மனத்துக்குள் ஒரு வசவு. அதில் எந்த வசவும் சித்தப்பாவுக்குப் போகவில்லை. மெஷினைச் சார்ஜில் போட்டுவிட்டு, மாலை வரைக்கும் பல் செதுக்கினாள். புலிப்பல் ஒன்றும் வரவில்லை. எல்லாம் நேர்த்தியாக வந்தன. அதைப் பார்த்துத்தான் மெழுகண்ணன் பயந்தார்.

*

வீட்டில் அம்மா இல்லை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு அந்த வாரம் மாலைமுறை. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. சின்னவள் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, வயர் இல்லாமல் ஓடவிட்டு, ஓரத்தில் ஒரு தாளில் நிமிடங்களைக் குறித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அம்பது நிமிஷம்! இன்னும் எண்பத்திரண்டு சதவீதம் இருக்கு! உனக்குக் கோயில் கட்டலாம்க்கா.”

தன் குரல் தனக்குக் கேட்காததால் அவள் எப்போதும் ஒரு படி உரக்கத்தான் பேசுவாள். பெரியவள் அவள் தலையைத் தொட்டுவிட்டு நகர்ந்தாள். அப்போதுதான் அப்பா உள்ளே வந்து செருப்பைக் கழற்றினார்.

“பேட்டரி மாத்திட்டியாமே, சின்னவ மெசேஜ் போட்டா. நிக்குதா?”

பெரியவள் செல்பேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அப்பா கண்ணாடியைத் தேடவில்லை. தன் கையெழுத்தைப் படிக்க அவருக்குக் கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“ஸ்கிரீன் தொடைக்கற வேலைன்னு சொன்னீங்க.”

“அதுவும் செய்யறேன்.”

“அதுவும்! எத்தனை பேட்டரிப்பா?”

“எண்ணல.”

“நீங்களா எண்ணல? அரிசி மூட்டை பிரிச்ச தேதிய எழுதி வைக்கற ஆளு எண்ணலையா?”

“நோட்டுல இருக்கும். மெதுவாப் பேசும்மா.”

“யாருக்குக் கேட்டுடும்னு மெதுவாப் பேசணும்? அவளுக்கா? அவளுக்குத்தான் கேக்காதே. அந்தத் தைரியத்துலதான மூணு வாரமா வாயத் தொறக்கல நீங்க! ஏன் தொண்ணூத்தேழு? நூறுன்னே போட வேண்டியதுதான?”

“நூறுன்னா நம்ப மாட்டாங்க.”

அவர் அதைச் சொன்ன விதம், ஒரு வேலையின் நுணுக்கத்தைச் சொல்கிற மாதிரி இருந்தது. அதுதான் அவளை இன்னும் எரித்தது.

“அவன் எங்கிட்ட கேக்காமத்தான் அலமாரியிலிருந்து எடுத்தான்” என்றார் அப்பா. “ரிப்போர்ட்டப் பாத்துட்டு, இருக்கறதுலயே இது நல்லதுன்னு ஆசையாத்தான் குடுத்தான். எதெது நான் மாத்தினதுன்னு அவன் ஞாபகத்துலயே வச்சுக்கறதில்ல. தொண்ணூத்தேழுன்னு ஸ்கிரீன்ல பாத்ததும் எனக்குச் சந்தேகம் வந்துச்சு. ஆனா நெசமாவே தொண்ணூத்தேழு இருக்கற மெஷினும் ரெண்டு மூணு வரும். அதுல ஒண்ணா இருக்கும்னு நெனச்சேன்.”

“நெனச்சீங்களா, வேண்டிக்கிட்டீங்களா?”

அப்பா நாற்காலியை மேசைக்குள் நேராகத் தள்ளி வைத்தார்.

“முதல் பூஜ்யம் வாங்கிட்டு வந்தப்பவே தெரிஞ்சிருக்குமே! ரெண்டாவது வாங்கினப்ப? காலையில நான் அந்தக் கடையில நின்னு கத்தினப்ப? ‘விடும்மா’ன்னீங்க. எத விடச் சொன்னீங்க? அவ சீட்டையா? ஊருல எத்தனை வீட்டுல எத்தனை பிள்ளைங்க, இருட்டுன ஸ்கிரீன வச்சுக்கிட்டு, தப்பு தன்னோடதுன்னு உக்காந்திருக்குதுங்களோ!”

“தம்பி சோறு போடறான்ம்மா. எனக்கு இந்த வயசுல வேற எவன்...”

“போதும்! அதை அவகிட்ட சொல்லுங்க!”

சொன்ன கையோடு பெரியவள் திரும்பினாள். திரும்பியதும் நின்றுவிட்டாள்.

சின்னவள் தாளில் குறிப்பதை நிறுத்தியிருந்தாள். அவள் விழிகள் திரையில் இடமிருந்து வலமாக, மறுபடி இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டிருந்தன. பேட்டரியைச் சோதிக்க அவள் வகுப்பு மென்பொருளையே ஓடவிட்டிருந்தாள்; மைக் திறந்தே இருந்தது. மென்பொருளுக்கு யார் அப்பா, யார் மகள் என்று தெரியாது. கத்தலுக்கும் கிசுகிசுப்புக்கும் அதற்கு ஒரே எழுத்துதான். வீட்டில் அப்போது பேசியதையெல்லாம் பாடம் எழுதுகிற மாதிரி, நிதானமாக, சுத்தமாக, வரிவரியாக அது எழுதி முடித்திருந்தது. கடைசி வரியில் ‘போதும் அதை அவகிட்ட சொல்லுங்க’ என்று நின்றது.

பெரியவள் பாய்ந்து மூடியைச் சாத்தப் போனாள். சின்னவள் உள்ளங்கையைக் குறுக்கே வைத்துத் தடுத்தாள். விரலால் மேலே நகர்த்தினாள். முதலிலிருந்து படித்தாள். ‘அதுவும் செய்யறேன்’ என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். ‘நூறுன்னா நம்ப மாட்டாங்க’ என்ற இடத்தில் அவள் கழுத்து நரம்பு எழும்பியது. பெரியவள் தன் தங்கையை அப்படிப் பார்த்ததே இல்லை. மீன் தொட்டிச் சிரிப்பு இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லாமல், முகம் கழுவி விட்டதுபோல இருந்தது.

“நாந்தான் மக்குன்னு நெனச்சேன்” என்றாள். இந்த முறை குரல் உரக்க வரவில்லை. “என்ன மாதிரி மத்தவங்க இதே மென்பொருள வச்சு நல்லா படிக்கறாங்களே, நான் ஒழுங்கா சார்ஜ் போடலையோ, தப்பா ஓடவிட்டு பேட்டரியத் தீக்கறேனோன்னு ஒவ்வொரு நாளும் ராத்திரி நெனச்சேன்.”

“இல்லம்மா...” என்றார் அப்பா. திரையில் அதுவும் விழுந்தது: ‘இல்லம்மா.’

பெரியவள் வாயைத் திறந்தாள். சின்னவள் அவளைப் பார்க்காமலேயே கையை உயர்த்தி நிறுத்தினாள். பிறகு எழுந்து, கல்லூரிக் கடிதத்தை எடுத்து மேசையில் அப்பாவின் பக்கம் வைத்தாள். ‘பாதுகாவலருடன்’ என்ற சொல்லின்மேல் அவள் விரல் இருந்தது. அப்பாவின் உதடுகளுக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்து, ஒரு சின்ன அசைவையும் தவறவிடாத கண்களோடு சொன்னாள்:

“சித்தப்பா கடிதம் எனக்கு வேணாம். நாளைக்குப் பத்து மணிக்கு அந்த நோட்டையும் எடுத்துக்கிட்டு நீங்க என்கூட வாங்கப்பா. முதல்வர் முன்னால நின்னு, இந்த நம்பர எழுதினது நான்தான்னு உங்க வாயால சொல்லுங்க. வரீங்களா?”